சிம்லாவில் நிறைவேறிய சட்டமும் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீடும்

1

என் மகள் தையல்நாயகிக்கு இந்த மாதம் பதினான்கு வயது பூர்த்தியாயிற்று. ஊரில் இதை யாரும் விசேஷமாகக் கொண்டாட மாட்டார்கள். ஒரு பெண்ணுக்குக் கொண்டாட வேண்டியதெல்லாம் அதற்குள் முடிந்திருக்கும் என்பீர்கள். எங்கள் வீட்டில் அன்று கேசரி கிளறினேன். ஏன் என்று அவளிடம்கூடச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுச் செல்லாச்சி அக்காவுக்கு ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "பதினாலோ?" என்று கேட்டார். "பதினாலு" என்றேன். அவர் கண் கலங்கியது. எனக்கும்தான்.

நான் கோலாலம்பூருக்கு வந்து பதினேழு வருஷமாகிறது. என் வீட்டுக்காரர் ரயிலில் கார்டு. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறோம். கிள்ளான் வண்டி கூவினால் உலை வைப்பேன். அடுத்த வண்டி வருவதற்குள் சோறு வடித்திருப்பேன். பிறகு பாசாருக்குப் போய் மீன் வாங்கி வருவேன், துணி துவைப்பேன், பெண் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பாதையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இப்படி இருக்கிறவளுக்குச் சட்டசபையோடு என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். என் வீட்டுக்காரரும் அதைத்தான் மூன்று வருஷம் கேட்டுக்கொண்டிருந்தார்.

டெல்லியிலும் சிம்லாவிலும் கூடிய சபையில் பால்ய விவாக மசோதா எங்கே நின்றது, எப்போது நகர்ந்தது, எப்படித் தேறியது என்பதை நான் இங்கிருந்தபடியே விடாமல் படித்து வந்தேன். அது தேறியபிறகு என் வீட்டில் நடந்ததையும் சேர்த்து, ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூட்டை மூட்டையாகச் சம்பாதித்துச் சுகமாக இருப்பதாக எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். ஊரில் இருந்த கஷ்டம் எங்களுக்கு முன்னாலேயே கப்பலேறி வந்துவிடுகிறது என்பது உங்களுக்குத் தெரியாது.

2

தையுவுக்குப் பத்து வயது நடக்கும்போது மாயவரம் பக்கத்திலிருந்து அண்ணியின் கடிதம் வந்தது. அண்ணி என்று நான் சொல்வது என் வீட்டுக்காரரின் அக்காவை. தாய் தகப்பன் போனபிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவர் அவர்தான். தன் மகன் சபாபதிக்குத் தையுவை முடித்துவிடலாம் என்று எழுதியிருந்தார். "அடுத்த தைக்குள் முடிச்சைப் போட்டுவிடுவோம். பெண் பெரியவளாகும் வரை உங்களிடமே இருக்கட்டும்." என் வீட்டுக்காரர் அன்றைக்கே சரி என்று பதில் எழுதித் தபாலில் போட்டுவிட்டு வந்துதான் எனக்குச் சொன்னார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா?"

"இதுல கேக்க என்ன இருக்கு? முறை மாப்பிள்ளை. அக்கா சொல்லி நான் என்னிக்கு மாட்டேன்னிருக்கேன்?"

அண்ணியின் கடிதம் வந்த கப்பலிலேயே சென்னைப் பத்திரிகையும் வந்திருந்தது. ரயில்வேக்காரர்கள் நாலு வீடு சேர்ந்து வாங்கும் பத்திரிகை. எங்கள் முறை வரும்போது பத்துப் பதினைந்து நாள் பழசாகியிருக்கும். அதில் ஒரு மூலையில் சின்னதாகப் போட்டிருந்தார்கள். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பெண்ணுக்கு நடக்கும் விவாகம் செல்லாது என்று சட்டசபையில் ஓர் அங்கத்தினர் மசோதா கொண்டுவந்திருக்கிறாராம். நான்கு தடவை படித்தேன். பிறகு பத்திரிகையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினேன்.

செல்லாச்சி அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். அவர் கணவர் அரசாங்க ஆபீஸில் கிளார்க். மிஷன் பள்ளியில் படித்தவரானதால் இங்கிலீஷ் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்துவிடுவார்.

"அக்கா, மசோதான்னா சட்டமா?"

"இல்லைப் பிள்ளை. சட்டமாக வேணுமெண்டு கேக்கிறது. அவங்கள் வாசிச்சு, கதைச்சு, பிறகு வாக்கெடுத்து, மேற்சபைக்கு அனுப்பி, கடைசியிலை வைசிராய் கையெழுத்து வைக்க வேணும்."

"எத்தனை நாளாகும்?"

அக்கா சிரித்தார். "நாளோ? வருஷத்திலை கேளுங்கோ."

எனக்கு ஏன் அப்படி ஒரு பதைப்பு என்று அவர் கேட்டார். அதுவரை யாரிடமும் சொல்லாததை அன்று சொன்னேன். எனக்கு ஒன்பது வயதில் கல்யாணம். ஊஞ்சலில் உட்காரவைத்தபோது தூங்கிவிட்டேன் என்று இன்றைக்கும் ஊரில் சொல்லிச் சிரிப்பார்கள். பதின்மூன்றில் புருஷன் வீடு. பதினான்கில் பிரசவம். மூன்று நாள் வலி. குழந்தை ஆண். ஒரு பகல் மட்டும் உயிரோடு இருந்தது. எனக்கு ஜன்னி கண்டு, வீட்டில் எல்லோரும் கைவிட்டுவிட்டார்கள். கைவிடாதவர் அண்ணி ஒருத்திதான். நாற்பது நாள் என் பக்கத்திலேயே படுத்து, சங்கில் கஞ்சி புகட்டி, என்னைத் திருப்பிக் கொண்டுவந்தார். அதனால் அவரைக் கல்நெஞ்சக்காரி என்று நீங்கள் யாரும் நினைத்துவிட வேண்டாம். எனக்கு நேர்ந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் அவர். பார்த்தும், அது என் உடம்பின் குறை என்றுதான் கடைசிவரை நம்பினார்.

3

அன்றுமுதல் கப்பல் வரும் நாளெல்லாம் எனக்கு முக்கியமான நாளாயிற்று.

மசோதா போன வழி சுலபமாக இல்லை. முதல் வாசிப்பு, இரண்டாம் வாசிப்பு, மூன்றாம் வாசிப்பு என்று அக்கா விளக்கியதை வீட்டில் வந்து சொன்னேன். என் வீட்டுக்காரர், "மூணு தடவை வாசிக்கணுமா? அவ்வளவு படிச்சவங்களுக்கு ஒரு தடவையில புரியாதா?" என்றார். பிறகு மசோதா செலக்ட் கமிட்டிக்குப் போயிற்று. கமிட்டி அறிக்கை சபையின் மேஜைமேல் வைக்கப்பட்டது என்று பத்திரிகையில் பார்த்து, மேஜைமேல் வைத்ததை யார் எப்போது எடுப்பார்களோ என்று ஒரு மாதம் கவலைப்பட்டேன். அப்படி எழுதுவது வழக்கம் என்று அக்கா சொன்ன பிறகுதான் விளங்கிற்று.

அந்தக் கமிட்டியில்தான் பன்னிரண்டு பதினான்காக மாறியது. பெண்ணுக்குப் பதினான்கு, பிள்ளைக்குப் பதினெட்டு. எந்த மதத்தாராக இருந்தாலும் இதுதான். மீறி நடத்தி வைப்பவர்களுக்குத் தண்டனை என்று வந்தது. ஆனால் செல்லாது என்ற வார்த்தையை எடுத்துவிட்டார்கள். நடந்த கல்யாணம் நடந்ததுதான். நடத்தியவர்களைத்தான் பிடிக்கலாம். இதைப் படித்த அன்று எனக்குப் பாதிச் சந்தோஷம், பாதி ஏமாற்றம்.

வெயில் காலத்தில் சபை டெல்லியிலிருந்து சிம்லா மலைக்குப் போய்விடும். மழையிலும் புழுக்கத்திலும் கிடக்கும் எங்களுக்கு அந்தக் குளிரை நினைத்துப் பார்க்கவே முடியாது. அந்தக் குளிரில் உட்கார்ந்துகொண்டு சிலர் சாஸ்திரம் பேசினார்கள். சிலர், அரசாங்கம் நம் சமையலறைக்குள் வரக்கூடாது என்றார்கள். இன்னும் சிலர், முதலில் ஊர் ஊராகப் போய் ஜனங்களைக் கேட்போம் என்றார்கள். அதற்காக இன்னொரு கமிட்டி. அதன் அறிக்கை வரும்வரை மசோதாவை ஒத்திவைத்தார்கள். அந்தக் கமிட்டிக்கு நானும் ஒரு கடிதம் எழுதினேன். என் பதினான்காம் வயதில் நடந்ததை மட்டும் இரண்டு பக்கத்தில் எழுதி, பெயர் போட்டு அனுப்பினேன். பதில் வரவில்லை. பதிலை எதிர்பார்த்து எழுதவும் இல்லை.

இங்கிலீஷ் பத்திரிகையில் தந்திச் செய்தி வந்தால் தையு படித்துச் சொல்லுவாள். கான்வென்டில் படிக்கிறாள். இங்கிலீஷ் ஓடுகிறது. தமிழ்தான் தட்டுகிறது. "போயிட்டேன்" என்பதும் "போறேன்" என்பதும் அவளுக்கு ஒன்று. நடுவில் ரெண்டு மலாய் வார்த்தை விழும். ஒருநாள் படித்துக்கொண்டே வந்தவள் நிறுத்தி, "அம்மா, மைனர் கேர்ள்னா யாரு?" என்று கேட்டாள்.

"உன்னை மாதிரி சின்னப் பொண்ணு."

விரலை அந்த வரியிலேயே வைத்துக்கொண்டாள். பிறகு, "அப்ப இது எனக்கா எழுதுறாங்க?" என்றாள். யாரும் அவளிடம் சபாபதி விஷயம் பேசியதில்லை. ஆனால் தெரிந்திருக்கிறது. சுவர் மெலிந்த வீடு.

அந்த மசோதா நத்தை வேகத்தில் போனதைப் பற்றி எத்தனையோ பேர் சலித்துக்கொண்டார்கள். எனக்கு அந்தத் தாமதம்தான் துணையாக இருந்தது. ஒவ்வொரு தையிலும் அண்ணி எழுதுவார். ஒவ்வொரு தையிலும் நான், "சட்டம் என்ன ஆகுதுன்னு பாத்துட்டுச் செய்வோமே, நாளைக்கு வில்லங்கம் வரக்கூடாது" என்பேன். சர்க்கார் உத்தியோகம் பார்க்கிறவருக்கு வில்லங்கம் என்ற வார்த்தை போதும். தள்ளிப்போடுவார். இப்படியே இரண்டரை வருஷம் போயிற்று. தையு நாலு அங்குலம் வளர்ந்தாள்.

4

மசோதா தேறிய செய்தி தந்தியில் வந்து, மறுநாள் இங்கிலீஷ் பத்திரிகையில் ஐந்தே வரியாக இருந்தது. அக்கா வேலியோரம் வந்து கூப்பிட்ட குரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. "வென்றிட்டம் பிள்ளை! வென்றிட்டம்!" என்றார். கையில் அரிசி களைந்த நீரோடு ஓடினேன். இரண்டு பேரும் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று சிரித்தோம். பிறகு மேல்சபையும் ஒப்புக்கொண்டது, வைசிராயும் அனுமதி கொடுத்தார். அடுத்த ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அமலுக்கு வரும் என்று விவரம் வந்தது.

அந்த ஏப்ரல்தான் வினை. சட்டம் தேறாமல் கிடந்தவரை யாருக்கும் அவசரமில்லை. தேறியதும் ஊரில் எல்லோருக்கும் கால் முளைத்துவிட்டது. ஏப்ரலுக்குள் முடித்துவிட வேண்டும் என்று நாள் பார்க்கிறார்கள், ஒரே பந்தலில் அக்கா தங்கை மூன்று பேருக்கும் தாலி கட்டுகிறார்கள் என்றெல்லாம் கடிதங்கள் வந்தன. அண்ணியும் எழுதினார். மாசிக்குள் பெண்ணை அழைத்துக்கொண்டு புறப்பட்டு வரவேண்டும்.

என் வீட்டுக்காரர் லீவுக்கு எழுதிப்போட்டார். அந்தப் பதில் வருகிறவரைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை. சித்திரைக்கு முன்னால் லீவு கிடையாது என்று பதில் வந்தது. அவர் முகம் வாடிவிட்டது. நான் சமையலறைக்குள் போய்க் கும்பிட்டேன்.

தப்பித்தோம் என்றிருந்தபோது அடுத்த கடிதம் வந்தது. மாயவரத்தில் அண்ணி ஒரு வக்கீலைக் கேட்டிருக்கிறார். இந்தச் சட்டம் இந்தியாவில் மட்டும்தான் செல்லும், கடலுக்கு அந்தப் பக்கம் செல்லாது என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். "ஆகையால் நாங்களே புறப்பட்டு வருகிறோம். அங்கேயே ஒரு கோயிலில் முடித்துவிடலாம்."

மறுநாளே அக்காவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு சர்க்கார் ஆபீஸுக்குப் போனேன். ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு அனுப்பினார்கள். மூன்றாவது மேஜையில் நம்மவர் ஒருவர் இருந்தார். இளவயது. பொறுமையாகக் கேட்டார்.

"அது இந்தியாச் சட்டம்மா. இது மலாய் நாடு. அங்க போட்ட சட்டம் இங்க வராது."

"அங்க பொறந்த நாங்க வந்துட்டோமே தம்பி. சட்டம் மட்டும் ஏன் வரலை?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "கேள்வி சரியான கேள்விதான். பதில் சொல்ற அதிகாரம் எனக்கில்லை."

வெளியே வெயில் கொளுத்தியது. அக்கா குடையை விரித்துக்கொண்டு, "இனி என்ன செய்யப் போறீங்கள்?" என்று கேட்டார். மூன்று வருஷமாக ஒரு சபையையே நம்பிக்கொண்டிருந்தேன். அது தன்னால் ஆனதைச் செய்துவிட்டது. அங்கே ஓட்டுப் போட்டவர்களுக்கு நான் இருப்பதே தெரியாது. மிச்சத்தை நான்தான் செய்ய வேண்டும். "கோயில்லதானே கல்யாணம்? கோயிலுக்குப் போவோம்" என்றேன்.

5

மூன்று கோயில்களுக்குப் போனோம். கேட்டது ஒன்றே ஒன்று. கல்யாணத்துக்கு நாள் குறிக்க வருகிறவர்களிடம் பெண்ணின் வயதைக் கேட்டு, பெண்ணின் தகப்பனார் கையாலேயே புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.

செந்தூல் கோயிலில் ஒருவர், பொம்பளைகள் இப்படியெல்லாம் சொல்லிக்கொண்டு வரலாமா என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். கிள்ளானுக்கு ரயிலேறிப் போனோம். அங்கே கோயில் மானேஜர் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார், நன்றாகச் சிரித்தார். "நான் வயசு கேட்டா, அவங்க வேற கோயிலுக்குப் போவாங்க. அவ்வளவுதான் நடக்கும்" என்றார். எங்கள் பக்கத்துக் கோயில் மானேஜர் மட்டும் வெகுநேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். அவருக்கும் மூன்று பெண்கள்.

"கேக்கிறதோட சரி. வயசு பத்தலைன்னு நான் யாரையும் திருப்பி அனுப்பமாட்டேன்."

"திருப்பி அனுப்ப வேணாம் அண்ணே. எழுதச் சொல்லுங்க. அது போதும்."

என் வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்டு எழுந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். மறைத்துச் செய்ய மனம் வரவில்லை. அவருக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

"என் அக்காவை மடக்க ஊர் பூரா சுத்திட்டு வந்திருக்கே."

"யாரையும் மடக்கலை. எழுதப் போறது உங்க கை. பதினாலுன்னு எழுதணும்னா எழுதிக்குங்க."

நான்கு நாள் என்னோடு பேசவில்லை. தட்டை வைத்தால் சாப்பிடுவார், சீருடையை எடுத்து வைத்தால் போட்டுக்கொண்டு போவார். ஐந்தாம் நாள், அண்ணியும் சபாபதியும் துறைமுகத்தில் இறங்கிவிட்டதாகத் தகவல் வந்தது.

6

ரப்பர் விலை விழுந்து தோட்டங்களில் ஆட்களைக் கழித்துக்கொண்டிருந்த சமயம் அது. துறைமுகத்தில் ஊருக்குத் திரும்புகிற கூட்டம் மூட்டை முடிச்சோடு நின்றது. அந்தக் கூட்டத்துக்கு எதிர்த்தாற்போல அண்ணி நடந்து வந்தார். கப்பலும், நோய் இருக்கிறதா என்று பார்க்க நிறுத்திவைக்கும் தடுப்பு முகாமும் சேர்ந்து அவரைப் பாதியாக்கியிருந்தன. என்னைப் பார்த்ததும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அந்த அழுகையில் எனக்குப் பொய் எதுவும் இல்லை.

வீட்டில் தையு அவருக்குப் பலகாரம் வைத்து, "அத்தை, மாக்கான் பண்ணுங்க, டீ சூடா இருக்கு, ஸ்லோவா குடிங்க" என்றாள். மாக்கான் என்றால் மலாயில் சாப்பாடு என்று அண்ணிக்கு எப்படித் தெரியும்? என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்னடி பாஷை இது? எனக்கு ஒண்ணும் விளங்கலையே." இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பிரியமாகச் சிரித்துக்கொண்டார்கள். பேசத்தான் வழியில்லை. சபாபதிக்கு இருபத்திரண்டு வயது. நாகப்பட்டினத்தில் ஒரு மண்டியில் குமாஸ்தா. மரியாதையான பிள்ளை. தையு முற்றத்தில் கயிறு சுற்றிக் குதித்துக்கொண்டிருந்ததை ஒரு தடவை பார்த்தான். பிறகு அவன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை நாள் குறிக்கக் கோயிலுக்குப் போனார்கள். நானும் போனேன். மானேஜர் நல்ல நாள் இரண்டைச் சொல்லிவிட்டு, ஒரு நீளப் புத்தகத்தைத் திறந்து என் வீட்டுக்காரர் பக்கம் தள்ளினார்.

"பொண்ணு பேரு, வயசு. எழுதி, கீழே கையெழுத்துப் போடுங்க."

"இது எதுக்கு?" என்றார் அண்ணி.

"வழக்கம்மா. இப்ப எல்லார்கிட்டயும் கேக்கிறோம்."

"பதினாறுன்னு போடு தம்பி" என்றார் அண்ணி, வெகு சாதாரணமாக.

என் வீட்டுக்காரர் பேனாவை வாங்கினார். தையல்நாயகி என்று எழுதினார். அவர் கையெழுத்து அழகாக இருக்கும். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வண்டி வந்த நிமிஷத்தையும் புறப்பட்ட நிமிஷத்தையும் குறித்துக் குறித்துப் பழகிய கை. டிரைவர்கள் எத்தனையோ பேர், "கார்டு ஐயா, ரெண்டு நிமிஷம் குறைச்சுப் போடுங்களேன்" என்று கெஞ்சியிருக்கிறார்கள். அவர் போட்டதில்லை. அதற்காகவே அவரைப் பிடிக்காதவர்கள் லைனில் உண்டு. அந்தக் கை, பதின்மூன்று நடக்கிற பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பேனாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மை ஒரு சொட்டு விழுந்தது.

"என்னப்பா?" என்றார் அண்ணி.

"எழுத வரலைக்கா."

"கிள்ளான் கோயில்ல எதுவும் கேக்காம முடிச்சு வைப்பாங்களாம். கப்பல்ல ஒரு அம்மா சொன்னா. அங்க வச்சுக்குவோம், எழுந்திரு."

அவர் எழுந்திருக்கவில்லை. பேனாவை மூடி மெதுவாகக் கீழே வைத்தார்.

"கிள்ளானுக்குப் போனா அவளுக்கு வயசு கூடிடுமாக்கா?"

அண்ணி என் பக்கம் திரும்பினார். எல்லாம் அவருக்குப் புரிந்துவிட்டது. "உன்னை நான் பொழைக்க வச்சது இதுக்குத்தானா?" என்று கேட்டார். கோயில் என்பதால் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஆமா அண்ணி," என்றேன். "நீங்க பொழைக்க வச்சதாலதான் இன்னிக்கு என் பொண்ணுக்காக நிக்கிறேன். ஊர்ல செஞ்சா குத்தம்னு ஆனது, என் வீட்டுல செஞ்சா மட்டும் கல்யாணமாயிடுமா? இன்னும் நாலு வருஷம் போகட்டும். அப்பவும் சபாபதிக்கு மனசிருந்தா, இவளுக்கும் மனசிருந்தா, நானே தட்டு வைக்கிறேன்."

"நாலு வருஷத்துக்கு யாருடி காத்திருப்பா?"

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

7

அடுத்த கப்பலுக்கே கிளம்பிவிட்டார்கள். என் வீட்டுக்காரரும் நானும் துறைமுகம் வரை போனோம். அண்ணியும் தம்பியும் ரயிலில் ஒரே பலகையில் உட்கார்ந்து, ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார்கள். ஏணியில் ஏறும்போது அண்ணி தம்பியின் தலையை மட்டும் தடவினார். சபாபதி பின்தங்கி என்னிடம் வந்தான்.

"கப்பல்ல வரும்போதே எனக்கு இது சரியில்லைன்னு பட்டுது அத்தை. அம்மாகிட்டச் சொல்லத்தான் வாய் வரலை."

"இனிமேலாவது வரட்டும்" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். போன ஆவணியில் அவனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று. பெண்ணுக்குப் பதினேழு வயது என்று கல்யாணப் பத்திரிகையோடு அவனே ஒரு சீட்டு வைத்திருந்தான். அண்ணி எங்களுக்கு எழுதுவதில்லை. மாதம் ஒரு கடிதம் நான் போடுகிறேன். என் வீட்டுக்காரர் பல நாள் சாப்பாட்டின் நடுவில் கையை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தன் அக்காவை நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும். இந்தப் பிரிவு இல்லாமல் பெண்ணைக் காப்பாற்றியிருக்க முடியாது என்பது அவருக்கும் தெரியும். "அப்பா என் மேலே கோபமா?" என்று தையு ஒருநாள் கேட்டாள். அவர் காதில் விழுந்துவிட்டது. அவளை அழைத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, தன் தட்டிலிருந்த மீனை முள் எடுத்து அவளுக்கு வைத்தார். பதில் அவ்வளவுதான்.

ஊரில் சட்டம் வந்தும் பாதி இடங்களில் மீறுகிறார்கள், கேட்பாரில்லை என்று நீங்கள் எழுதுகிறீர்கள். உண்மையாக இருக்கும். எங்கள் பக்கம் அந்தச் சட்டமே இல்லை. அதனால் போன மாதம் ஒரு மனு தயார் செய்தோம். இந்த நாட்டுச் சபையிலும் அப்படி ஒரு மசோதா கொண்டுவர வேண்டும் என்று நான் தமிழில் எழுத, அக்கா இங்கிலீஷில் எழுதினார். குவார்ட்டர்ஸில் வீடு வீடாகப் போனோம். சிலர் கதவைச் சாத்தினார்கள். சிலர் அடுப்பங்கரையிலிருந்து ஈரக்கையோடு வந்து கட்டைவிரல் ரேகை வைத்தார்கள். மருமகளைக் கூப்பிட்டு, "நீயும் வைடி" என்று சொன்ன மாமியார்களும் இருந்தார்கள்.

அதைக் கொண்டுபோய்க் கொடுத்த ஆபீஸில், கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"எல்லாம் பொம்பளைங்க பேரா இருக்கே. வீட்டு ஆம்பளைங்க கையெழுத்து எங்கம்மா?"

"அவங்க வேலைக்குப் போயிருக்காங்க. பெத்தவங்க நாங்க வந்திருக்கோம்."

"இது மேல போயி, அவங்க பாத்து, சபைக்கு வந்து... ரொம்ப நாளாகுமே."

"ஆகட்டுங்க" என்றேன். "வாங்கிக்கிட்டதுக்கு ஒரு சீட்டு மட்டும் கொடுங்க."

அவர் என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து முத்திரையை எடுத்தார்.